குத்துச்சண்டையா, எம்.எம்.ஏ.யா? களியக்காவிளைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு–கேரள எல்லையோரம், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், முன்பு ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையாக இருந்த ஓரிடத்தில் 15 ஆண்டுகளாகக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்து வருகிறேன். இந்தப் பக்கத்து மேல்புறம், குழித்துறை ஊர்ப் பிள்ளைகள் என்னை 'ஆசானே' என்று அழைப்பார்கள்; கேரளப் பக்கத்துப் பாறசாலை, வெள்ளறடையிலிருந்து வருபவர்கள் 'சாரே' என்பார்கள். எப்படி அழைத்தாலும், கடந்த சில ஆண்டுகளாக இரு பக்கத்தாரும் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: கையும் காலும் பிடியும் கலந்த எம்.எம்.ஏ. வந்துவிட்ட பிறகு, வெறும் கையை மட்டும் நம்பும் இந்த விளையாட்டு எத்தனை காலம் தாங்கும்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

குத்துச்சண்டையின் காலம் முடிந்துவிட்டதா?

இல்லை. 2024 செப்டம்பரில் லண்டன் வெம்பிளி அரங்கில் ஆன்டனி ஜோஷுவாவும் டேனியல் டூபுவாவும் மோதியபோது ஏறத்தாழ 96,000 பேர் நேரில் வந்து பார்த்தார்கள். எம்.எம்.ஏ. உலகின் மிகப் பெரிய நிறுவனமான யு.எஃப்.சி. நடத்திய போட்டிகளில் அதிகக் கூட்டம் சேர்ந்தது 2019 இல் மெல்பர்னில்; அங்கே வந்தவர்கள் 57,127 பேர். ஒரு பெரிய இரவுக்கு ஊரைத் திரட்டும் வலிமை இன்னும் குத்துச்சண்டையிடம்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெரிய இரவு ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது என்று கேட்டால் எனக்கே பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். பெரும்பாலான வாரங்களில் யு.எஃப்.சி.க்கு ஒரு போட்டி உண்டு. திருவிழாவுக்கு வரும் கூட்டத்தையும் அன்றாடம் கடைக்கு வரும் கூட்டத்தையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

அப்படியானால் எங்கள் வீட்டுப் பையன்கள் ஏன் யு.எஃப்.சி.யையே பார்க்கிறார்கள்?

முதல் காரணம் நேரம். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் முக்கியச் சண்டைகள் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகின்றன. ஆலயத்துக்குப் புறப்படும் நேரத்தில், சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து இரண்டு சண்டை பார்த்துவிடலாம். ஆராதனை முடிந்து வந்தால் முடிவும் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் ஒழுங்கு. இதை நான் பொறாமையோடுதான் சொல்கிறேன். 1993 நவம்பரில் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. நடந்தபோது அது ஏறக்குறைய வேடிக்கைக் காட்சிதான். எடைப் பிரிவுகூட இல்லை. மெலிந்த உடல்வாகுடைய ஹாய்ஸ் கிரேஸி என்ற பிரேசில்காரர் ஜியு-ஜிட்சு பிடிகளால் தம்மைவிடப் பெரியவர்களைத் தரையில் மடக்கி வென்றார். பல அமெரிக்க மாநிலங்கள் அதற்குத் தடை விதித்தன. 2001 இல் அந்த நிறுவனம் கைமாறியபோது விலை 20 லட்சம் டாலர். எடைப் பிரிவு, சுற்று, மருத்துவர், நடுவர் என்று எழுதப்பட்ட விதிகளுக்குள் அது அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தது; புதிய உரிமையாளர்கள் அந்த விதிகளை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, 2005 இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மூலம் வீரர்களை வீடுகளுக்குள் அறிமுகப்படுத்தினார்கள். 2016 இல் மறுபடியும் கைமாறியபோது விலை ஏறத்தாழ 400 கோடி டாலர். 2025 இல் பாரமவுண்ட் நிறுவனத்துடன் 7 ஆண்டு ஒளிபரப்புக்கு 770 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. ஓர் எடைக்கு ஒரு சாம்பியன், அவருக்குக் கீழே ஒரு தரவரிசை, யார் யாரோடு மோதுவது என்று முடிவெடுக்க ஒரே அலுவலகம். புதிதாகப் பார்க்க வருபவனுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

குத்துச்சண்டையில் ஒரே எடைக்கு ஏன் நான்கு சாம்பியன்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பையனிடம் எனக்குக் கோபம் வராது. கேட்க வைத்தவர்களிடம்தான் வரும். டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் தருகின்றன. பட்டத்துக்காக நடக்கும் ஒவ்வொரு சண்டையிலும் அமைப்புக்கு ஒரு கட்டணம் உண்டு என்பதால், பட்டங்கள் பெருகுவதில் யாருக்கும் நட்டமில்லை, பார்வையாளரைத் தவிர.

2024 மே மாதம் ரியாதில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் பிரிட்டனின் டைசன் ஃபியூரியை வென்று, மிகை எடைப் பிரிவில் (ஹெவிவெயிட்) எல்லாப் பட்டங்களையும் ஒருவரே வைத்திருக்கும் நிலையை 1999 இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு முதன்முறையாக எட்டினார். கால் நூற்றாண்டு காத்திருந்து கிடைத்த அந்த ஒற்றைச் சாம்பியன் நிலை இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. ஃபியூரியோடு மறு சண்டை ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்ததால், ஐ.பி.எஃப். குறிப்பிட்ட போட்டியாளரைச் சந்திக்க இயலாமல் அந்தப் பட்டத்தை உசிக் விட்டுக்கொடுத்தார்.

இதைவிடப் பெரிய தவறு, நடக்க வேண்டிய சண்டையை நடக்க வேண்டிய காலத்தில் நடத்தாதது. அமெரிக்காவின் மேவெதரும் பிலிப்பைன்ஸின் பாக்கியாவோவும் மோத வேண்டும் என்று 2009 முதலே உலகம் கேட்டது. நடந்தது 2015 மே மாதம். அதற்குள் இருவருக்கும் வயதாகிவிட்டது. அமெரிக்காவில் 46 லட்சம் வீடுகள் பணம் கட்டிப் பார்த்தன, வசூலில் குறைவில்லை. ஆனால் பிடுங்க வேண்டிய நேரத்தில் பிடுங்காத மரச்சீனிக் கிழங்கு நாரோடிப் போவதுபோல் சண்டை நாரோடிப் போயிருந்தது. அன்று பார்த்து ஏமாந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதை எந்த வசூல் கணக்கும் காட்டாது. குத்துச்சண்டையின் மதிப்பு எங்கே குறைகிறது என்று என்னைக் கேட்டால், எம்.எம்.ஏ. சண்டை நடக்கும் கூண்டைக் காட்ட மாட்டேன். ஒப்பந்தம் பேசுகிற அறையைத்தான் காட்டுவேன்.

குத்துச்சண்டை வீரரும் எம்.எம்.ஏ. வீரரும் மோதினால் யார் ஜெயிப்பார்?

யாருடைய விதியில் மோதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2010 இல் ஜேம்ஸ் டோனி என்ற முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன் யு.எஃப்.சி. கூண்டுக்குள் போய், முதல் சுற்றிலேயே ராண்டி கூச்சரால் தரையில் சாய்க்கப்பட்டுக் கழுத்துப் பிடியில் தோற்றார். 2017 இல் எம்.எம்.ஏ. வீரர் கானர் மக்ரெகர் குத்துச்சண்டை வளையத்துக்குள் வந்து 10 ஆவது சுற்றில் மேவெதரிடம் தோற்றார். இவை எதிர்பார்த்தவை.

எதிர்பாராதது 2023 அக்டோபரில் நடந்தது. கேமரூனில் பிறந்த எம்.எம்.ஏ. வீரர் பிரான்சிஸ் ங்கானூ, வாழ்க்கையின் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையிலேயே டைசன் ஃபியூரியை மூன்றாவது சுற்றில் தரையில் உட்கார வைத்தார். நடுவர்கள் பிரிந்து நின்று ஃபியூரிக்கே வெற்றி தந்தார்கள். மறுநாள் மாலை எங்கள் கொட்டகையில் ஒரே அமர்க்களம். 'ஆசானே, உங்கள் சாம்பியனின் கதை இதுதானா?' என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு மாதம் கழித்து அதே ங்கானூவை ஜோஷுவா இரண்டாவது சுற்றில் வலக்கைக் குத்தில் உணர்விழக்கச் செய்தபோது, அதே பையன்கள் பேசாமல் கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

அடிமுறை கற்ற பிள்ளைக்கு எது எளிதாக வரும்?

நம் பகுதிக்கே உரிய கேள்வி இது, ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் பழைய தற்காப்புக் கலைகளான வர்மமும் அடிமுறையும் கற்றுத் தரும் ஆசான்கள் இன்னும் இருக்கிற மண் இது. அங்கே பயின்ற பிள்ளை என்னிடம் வரும்போது சுவடு அவனிடம் தயாராக இருக்கும். கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையைப் பிடித்தால் பூட்டுப் போடத் தெரியும், பூட்டை விடுவிக்கத் தெரியும். எம்.எம்.ஏ.க்கு இது நேராகவே உதவும். அங்கே எதிராளியைக் கட்டிப் பிடிப்பது ஆட்டத்தின் பாதி. குத்துச்சண்டையில் கட்டிப் பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார்.

சிக்கல் வருவது முகத்தைக் காப்பதில். போன ஆண்டு பாறசாலையிலிருந்து ஒரு பையன் வந்தான். வீட்டில் மூன்று தலைமுறையாக அடிமுறை. கொட்டகையின் இரண்டு தூண்களுக்கிடையே தோள் உயரத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டி, கையைத் தாடையோடு ஒட்டி வைத்து, கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முழங்காலை மடக்கித் தலையை நுழைத்து எடுக்கச் சொன்னேன். அவன் இடுப்பிலிருந்து குனிந்தான், ஒவ்வொரு முறையும் கை கீழே இறங்கியது. பத்து நாளாயிற்று, கை இறங்காமல் முழங்கால் மட்டும் மடங்க. பதினோராவது நாள் அவனே ஒரு கேள்வி கேட்டான்: 'சாரே, இப்படித் தலையைத் தாழ்த்தினால் அவன் முழங்காலால் முகத்தில் இடிக்க மாட்டானா?'

அந்தக் கேள்விக்குள் இரண்டு விளையாட்டுகளின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது. குத்துச்சண்டையில் தாழ்ந்து ஒதுங்குவது காப்பு, எம்.எம்.ஏ.யில் அதே அசைவு முழங்காலுக்கு அழைப்பு. குத்துச்சண்டையில் முன்காலில் பாரத்தைச் சாய்த்து நிற்கலாம்; அங்கே அப்படி நின்றால் கெண்டைக்காலில் உதை விழும். இங்கே 10 அவுன்ஸ் கையுறை முகத்துக்குக் கதவுபோல் நிற்கும். அங்கே 4 அவுன்ஸ் உறைக்கு இடையிலும் குத்து நுழைந்துவிடும். ஒன்றை நன்றாகக் கற்றவன் மற்றொன்றுக்குப் போகும்போது சிலவற்றை மறக்கவும் வேண்டியிருக்கிறது. ஆனாலும் எம்.எம்.ஏ. பயிற்சிக் கூடங்களில் குத்துக்கென்று தனிப் பயிற்சியாளர் இருப்பதைக் கவனியுங்கள். தன்னோடு போட்டியிடும் விளையாட்டுக்குள்ளேயே தேவையாக இருக்கிற ஒரு கலை அழியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

படிப்புக்கோ வேலைக்கோ எது உதவும்?

பெற்றோர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான், நியாயமும்கூட. குத்துச்சண்டைக்குப் பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம், ஆசியப் போட்டி, ஒலிம்பிக் என்று படிக்கட்டு இருக்கிறது. ராணுவம், ரயில்வே, காவல்துறை ஆகியவை வீரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2008 இல் பெய்ஜிங்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் ஹரியானா காவல்துறையில் அதிகாரியானார். உலகச் சாம்பியன் நிகத் ஜரீனுக்குத் தெலங்கானா அரசு துணைக் காவல் கண்காணிப்பாளர் பதவி தந்தது.

இந்தப் படிக்கட்டே ஒருமுறை ஆட்டம் கண்டது என்பதையும் மறைக்கக் கூடாது. நிர்வாகச் சீர்கேட்டுக்காக அதுவரை இருந்த சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2019 இல் இடைநீக்கம் செய்து, 2023 இல் அங்கீகாரத்தையே திரும்பப் பெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் தொடக்கப் பட்டியலில் குத்துச்சண்டை இல்லை. 'வேர்ல்ட் பாக்சிங்' என்ற புதிய அமைப்பு தோன்றி, இந்தியாவும் அதில் சேர்ந்து, 2025 மார்ச்சில்தான் ஒலிம்பிக் இடம் உறுதியானது. அந்த இரண்டு ஆண்டும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். ஒலிம்பிக் போயிருந்தால், நம்மைப் போன்ற ஊர்களில் குத்துச்சண்டை ஐந்தே ஆண்டில் காய்ந்திருக்கும். பெரிய சண்டைகள் நடக்கும் லாஸ் வேகஸின் பணம் களியக்காவிளைக்கு வராது.

எம்.எம்.ஏ.க்கு அப்படியொரு படிக்கட்டு இப்போதுதான் கட்டப்படுகிறது. 2026 ஐச்சி–நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது சிறிய செய்தி அல்ல. பதக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அரசு வேலை பின்னாலேயே வரும். அன்று என் பதில் மாறலாம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை தனியாக உண்டு. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். பாறசாலைப் பையன் மாநிலப் போட்டிக்குக் காலையில் பஸ் ஏறிப் போய் இரவு வீடு திரும்பிவிட முடிகிறது; மூன்று கிலோமீட்டர் இப்பால் இருப்பவன் சென்னையில் போட்டி என்றால் இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்துபோய், தூக்கம் கெட்ட கண்ணோடு எடை பார்க்க நிற்கிறான்.

பணம் எதில் அதிகம்?

உச்சியில் இருப்பவருக்குக் குத்துச்சண்டையில் அதிகம். யு.எஃப்.சி. தன் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே வீரர்களுக்குத் தருகிறது என்பது அவர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்தது. 2024 இல் 37.5 கோடி டாலர் தந்து அந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள நிறுவனம் ஒப்புக்கொண்டது. குத்துச்சண்டையில் ஏற்பாட்டாளர் தம் வருமானத்தை வீரருக்குக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு முகமது அலியின் பெயரால் ஒரு சட்டம் வந்தது, எம்.எம்.ஏ.க்கு அது பொருந்தாது. ஒரே அலுவலகம் எல்லாவற்றையும் முடிவு செய்வதால் வரும் ஒழுங்கை மேலே புகழ்ந்தேன் அல்லவா, அதன் விலை இது.

யு.எஃப்.சி.யை வளர்த்த டேனா வைட்டே 2025 இல் சவூதி முதலீட்டோடு குத்துச்சண்டைக்குள் வந்துவிட்டார். அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவின் டெரன்ஸ் கிராஃபர்டு, மெக்சிகோவின் கனேலோ அல்வாரெஸை வென்ற சண்டையை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். செத்துப்போகும் தொழிலில் வியாபாரிகள் முதல் போடுவதில்லை.

யூடியூப்காரர்கள் நடத்தும் சண்டைகள் நல்லதா, கெட்டதா?

2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனும் யூடியூப்காரர் ஜேக் பாலும் எட்டுச் சுற்று சுற்றிச் சுற்றி நடந்ததைக் கோடிக்கணக்கானோர் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சேர மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் இன்னும் வருகிறான். எனக்கு அவ்வளவு போதும்.

எதில் ஆபத்து அதிகம்?

இரண்டிலும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் இரு வகை வீரர்களையும் பரிசோதித்த விவரங்களை ஒப்பிட்டு 2015 இல் வெளியிட்டார்கள்: வெட்டு, வீக்கம் போன்ற காயங்கள் எம்.எம்.ஏ.யில் கூடுதல், உணர்விழப்பு குத்துச்சண்டையில் கூடுதல். குத்துச்சண்டையில் அடி பெரும்பாலும் தலைக்கே போகிறது. விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்து மறுபடி அடி வாங்கலாம். எம்.எம்.ஏ.யில் விழுந்தவன் திருப்பித் தற்காக்காவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். தரைப் பிடியில் வலி தாங்காவிட்டால் கையால் தட்டி ஒப்புக்கொண்டு எழுந்துவிடலாம். 1982 இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ சண்டைக்குப் பின் இறந்த பிறகுதான் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைந்தன.

நான் பயப்படுவது விளையாட்டைப் பார்த்தல்ல, நடத்துபவர்களைப் பார்த்து. இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் பையன் ஒருவன் எனக்குச் சொல்லாமல் வெளியூரில் ஒரு தனியார் எம்.எம்.ஏ. போட்டிக்குப் போனான். எடை பார்க்கும் தராசு இல்லை, நம்பிக்கையின்பேரில் எழுதிக்கொண்டார்கள். மருத்துவர் இல்லை. தன்னைவிடக் குறைந்தது ஆறு கிலோ கூடுதலானவனோடு மோதி, புருவம் கிழிந்து, நள்ளிரவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் அம்மாவுக்கு நான்தான் பதில் சொன்னேன். எந்த விளையாட்டானாலும், தராசும் மருத்துவரும் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு?

குத்துச்சண்டைதான், தயங்காமல் சொல்வேன். மேரி கோம் ஆறு முறை உலகச் சாம்பியன். 2006 இல் டெல்லியில் உலகப் பட்டம் வென்ற கே.சி. லேகா கண்ணூர்க்காரர். 2025 இல் லிவர்பூல் உலகப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த நான்கு பதக்கங்களும் பெண்கள் வென்றவை. எம்.எம்.ஏ.யில் பூஜா தோமர் 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கான பாதை இன்னும் ஒற்றையடிப் பாதை.

உங்கள் கூடத்தின் பெயர்ப்பலகையில் 'எம்.எம்.ஏ.' என்று சேர்ப்பீர்களா?

இரண்டு பேர் அச்சகத்தில் விலைகூட விசாரித்து வந்தார்கள். எனக்குத் தரைப் பிடி கற்றுக்கொடுக்கத் தெரியாது. தெரியாததைப் பலகையில் எழுத மாட்டேன். ஆனால் கொட்டகையின் தெற்கு மூலையில் ஷீட் அடுக்கி வைத்திருந்த இடத்தை ஒழித்து, எட்டு மேட் வாங்கிப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மாலைகளில் குழித்துறையிலிருந்து ஓர் அடிமுறை ஆசான் வந்து பூட்டும், அதை விடுவிக்கும் பிரிவும் சொல்லித் தருகிறார். அவருக்கு 70 வயது. போன வாரம் என்னையும் மேட்டில் நிற்கச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்தார். நான் விழுந்த சத்தம் கேட்டுப் பையன்கள் கயிற்றுக்கடியிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தார்கள், கையைத் தாடையிலிருந்து இறக்காமல்.